கட்டணமில்லாத இரவுகள்

புதிய ஊருக்கு மாற்றலாகிப் போகிறவன் முதலில் விசாரிப்பது வாடகை அறையையும் சாப்பாட்டுக் கடையையும்தான். பள்ளிவாசலை விசாரிக்கத் தேவையில்லை. பாங்கே வழி சொல்லிவிடும். இவையெல்லாம் ஒழுங்கான பிறகு, பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில், வாய்விட்டுக் கேட்கச் சற்றுக் கூச்சமான இன்னொரு கேள்வி எழும். இந்த ஊரில் இரவுக்கு என்ன இருக்கிறது? மாதச் சம்பளக்காரனாக இருந்தால் கேள்வி இன்னும் குறிப்பானது. காசு செலவில்லாமல் என்ன இருக்கிறது?

இதை நான் பூண்டுலோயாவில் கேட்டேன். கிடைத்த விடையைவிட, அந்த விடை எனக்குள் கிளப்பிவிட்ட வேறொரு கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். இலவசமாக ஒன்றைப் பெற்றுக்கொண்டவன் யாருக்காவது கடன்பட்டிருக்கிறானா? பட்டிருந்தால் அதை எதனால் அடைப்பது?

நான் கிழக்குக் கரையைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்தில் இரவு என்பது பகல் வெக்கைக்குக் கிடைக்கும் நட்டஈடு. இஷா முடிந்ததும் பாதி ஊர் வாசலிலும் மீதி ஊர் கடற்கரையிலும் இருக்கும். பூண்டுலோயாவில் ஏழு மணிக்கே கடைகள் பலகை போடத் தொடங்கிவிடும். தலவாக்கலைப் பக்கம் போகும் கடைசி பஸ் போனபின் தெருவில் மிஞ்சுவது, விளக்கு வெளிச்சத்தில் மஞ்சளாகிப்போன பனிமூட்டமும் சில முச்சக்கரவண்டிகளும் நாய்களும். என் அறைக்குக் கீழே தேநீர்க்கடை வைத்திருந்த நானாவிடம் விசாரித்தேன். "இங்க ராவைக்கு ஒண்டுமில்ல சேர். குளிர் மட்டுந்தான். அது ஃப்ரீ" என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. இரவு வாழ்க்கை என்று நகரத்தவர் சொல்வது காசு கொடுத்து உள்ளே போகிற இரவை. சித்திரையில் நுவரெலியாவுக்குப் போனால் அது கிடைக்கும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவிக்கரைக் களியாட்டம் என்று ஊரே விளக்கு மயமாகும். அநேகமாக ஒவ்வொரு வாசலிலும் டிக்கட் கிழிக்க ஒருவர் நிற்பார். அட்டன் பக்கம் வேறொரு வகை இரவு உண்டு. மார்கழிப் போயா முதல் வெசாக் போயா வரை பாவாதமலைக்கு இரவிரவாக ஏறுகிறார்கள். அங்கே டிக்கட் இல்லை. ஆனால் அது ஊர்க்காரரின் இரவல்ல, வழிப்போக்கரின் இரவு. இரண்டுமே பூண்டுலோயாவிலிருந்து எட்டி நிற்பவை.

உண்மையில் பூண்டுலோயாவின் இரவு வாழ்க்கையை அச்சில் பதிவு செய்தவர் ஒருவர் உண்டு. எட்வர்ட் ஏர்னஸ்ட் கிரீன் என்ற துரை. 1861 இல் பிறந்தவர். இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே பூச்சிகளைச் சேகரித்தார். பிற்பாடு அரசாங்கப் பூச்சியியலாளரானார். அவர் பிடித்தனுப்பிய அந்துப்பூச்சிகளை லண்டனில் ஹாம்ப்சன் என்பவர் 1893 இல் வெளியிட்ட நூலில் வரிசைப்படுத்தினார். 'புண்டலுஓயா' என்ற இடப்பெயர் அப்படித்தான் விஞ்ஞான உலகில் ஏறியது. இரவில் பறந்த அந்துக்கு இலத்தீனில் பெயரும் ஊர்முகவரியும் கிடைத்த அந்தக் காலத்தில், லயத்தில் தூங்கியவர்கள் செக்ரோலில் இலக்கங்களாக இருந்தார்கள். பக்கத்திலுள்ள டன்சினன் தோட்டத்தின் பெயர் ஸ்கொட்லாந்துக் குன்றொன்றின் பெயர். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் காடு எழுந்து நடந்து வருவது அந்தக் குன்றை நோக்கித்தான். நம் டன்சினனில் காடு நடந்து போய்விட்டது. வந்தது தேயிலை.

இரவுக்கு இங்கே என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடையை எனக்குத் தந்தவர்கள் வகுப்பில் தூங்கி விழுந்த பிள்ளைகள். மாசி மாதம். முதலாம் பாடவேளையிலேயே பின்வரிசை தலை சாய்த்துவிட்டது. எழுப்பிக் கேட்டால், "ராத்திரி காமன் கூத்து சேர்" என்றான் ஒருவன். எங்கும் சுவரொட்டி இல்லை, அழைப்பிதழ் இல்லை, சந்தியில் ஒலிபெருக்கி கட்டிய வாகனமும் வரவில்லை. கேட்கத் தெரிந்த காதுக்கு மட்டும் மலைக்கு அப்பாலிருந்து தப்பு ஒலி வந்துகொண்டிருந்திருக்கிறது. அதுவரை நான் அதை யார் வீட்டிலோ சாவு என்று நினைத்திருந்தேன்.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் நடுகிறார்கள். பிறை பார்த்து நாள் எண்ணும் நமக்கு இந்தக் கணக்கு அந்நியமில்லை. அன்றிலிருந்து பௌர்ணமி வரை இரவுகளில் பாட்டும் ஆட்டமும். தோட்டத்துக்குத் தோட்டம் முறை சற்று மாறும். பௌர்ணமி இரவில் ரதியும் மதனும் ஆட, தூதன் வர, வீரபத்திரன் வர, எமன் வர, கடைசியில் சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிகிறான். மூன்றாம் நாள் அவன் உயிர்த்தெழும் சடங்கும் உண்டு. ரதியாக ஆடுபவரும் ஆண்தான். விரதமிருந்து, மீசை மழித்து, மஞ்சள் பூசி வருகிறார். மேடை என்று ஒன்று கிடையாது. லயத்துக்கு லயம் கூத்து நடந்து போகிறது. பார்க்கிறவர்களும் கூடவே நடக்கிறார்கள். குளிரில் தோல் தளர்ந்து தப்பின் சத்தம் மங்கும்போதெல்லாம் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுகிறார்கள். அந்த நெருப்பைச் சுற்றிச் சிறு பிள்ளைகள் கைநீட்டி நிற்பது தனிக் காட்சி.

வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தந்தவர். அவருடைய எழுத்தால் இந்தக் கலைகளின் பெயர்களெல்லாம் எனக்குப் புத்தகமாகத் தெரிந்திருந்தன. ஆனால் புத்தகத்தில் தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. காமன் எரிந்தபின் ரதி ஒப்பாரி வைக்கும்போது, சுற்றி நின்ற பெண்கள் கதைக்காக அழவில்லை. கம்பளியை வாயில் அழுத்திக்கொண்டு ஆளுக்கொரு சாவுக்காக அழுதார்கள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். கூத்தில் அப்படி ஒரு பாத்திரம் இல்லை.

இனி நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் போய் நின்ற ஐந்து நிமிடத்தில் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. "உக்காருங்க சேர்." வேறெவருக்கும் நாற்காலி இல்லை. சாக்கு விரித்தும் படிக்கட்டில் குந்தியும் மண்திட்டில் நின்றும் பார்த்தார்கள். பிறகு சாயத்தண்ணி வந்தது, பொலித்தீன் பிரிக்காத பிஸ்கட் பக்கற்றோடு. நான் எதைச் சாப்பிடுவேன், எதைச் சாப்பிட மாட்டேன் என்பதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விபூதித் தட்டு வரிசையாக வந்து எனக்கு முன்னால் நிற்காமல், முகச்சுழிப்பும் இல்லாமல், இயல்பாகத் திரும்பி அடுத்தவரிடம் போயிற்று. விருந்தோம்பல் என்றால் கொடுப்பது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். எதைக் கொடுக்கக் கூடாது என்று அறிந்து வைத்திருப்பதும் அதில் பாதி.

இதற்கெல்லாம் யார் பணம்? கூத்துக்கும் திருவிழாவுக்கும் தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வரி உண்டு. சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா இவற்றோடு கோயில் பணமும் கழிபடுவது இங்கே நெடுங்கால வழக்கம். அந்தச் சம்பளம் எவ்வளவு என்பது நாடறிந்தது. பல வருடப் போராட்டத்தின் பின் 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2024 இல் அது 1350 ஆயிற்று. அதையும் கொழுந்தின் நிறை தீர்மானிக்கும். தோட்டத் தமிழில் ஒரு நாள் வேலைக்கும் கூலிக்கும் 'பேர்' என்று பெயர். கிலோ குறைந்தால் 'அரைப்பேர்'. வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. விடிய விடியக் கூத்தாடியவர் காலையில் பிரட்டுக்களத்துக்குப் போகாவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பேர் விழாது. அந்தக் காலத்தில் ஆட்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்ததும் இதே தப்புத்தான் என்பார்கள். பகலில் கம்பனிக்காக அடித்த தோலை இரவில் தங்களுக்காக அடித்துக்கொண்டார்கள்.

அதாவது, தோட்டத்தில் பகல் கம்பனியுடையது. இரவு மட்டுமே அவர்களுடையது. இது உவமையல்ல, வரலாறு. அத்துமீறல் சட்டத்தைக் காட்டி வெளியாளைத் தோட்டத்துக்குள் விடாத காலத்தில் கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார். துணிமூட்டையோடு லயத்துக்கு லயம் ஏறியிறங்கிய நம்மவர்களுக்கு அந்த வேடத்தின் அருமை தெரியும். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடி ஆட்களைத் திரட்டினார். 1940 இல் அந்தப் பாட்டுகள் நூலாகவும் வந்தன. தொழிலாளி தன் பேச்சைத் தானே கேட்க முடிந்தது வேலை முடிந்த பிறகுதான். ஆகவே அவர்களின் இரவுக்குள் ஒருவன் இலவசமாக நுழைகிறான் என்றால், அவர்களிடம் இருக்கும் ஒரே சொத்துக்குள் நுழைகிறான்.

இலவசம் என்ற சொல்லின் முழு அர்த்தமும் இந்த மக்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. லயக் காம்பராவுக்கு வாடகை இல்லை. சம்பள உயர்வுப் பேச்சு வரும்போதெல்லாம் வீடும் மருத்துவமும் இலவசம் என்ற கணக்கைக் கம்பனிகள் மேசையில் வைக்கின்றன. இருநூறு வருடம் இருந்தும் அந்தக் காம்பரா அவர்களுடையதாகவில்லை. வேலையை விட்டால் கூரையையும் விட வேண்டும் என்ற பயத்துக்குப் பெயர்தான் இலவச வீடு. இப்படி ஓர் இலவசத்துக்குள் பிறந்து வளர்ந்தவர்கள், வழியில் வந்த ஒரு வாத்தியாருக்கு நாற்காலியும் தேநீரும் இலவசமாகத் தருகிறார்கள், எந்தக் கயிறும் கட்டாமல்.

இதை நான் நண்பர்களிடம் பேசினேன். மூன்று விதமான பதில்கள் வந்தன.

ஒருவர், நகரத்திலிருந்து வந்து போகும் ஆசிரியர், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றார். நீ போனாலும் போகாவிட்டாலும் கூத்து நடக்கும். இன்னும் இரண்டு கண் பார்ப்பதால் எண்ணெய் கூடச் செலவாகாது என்பது அவர் வாதம். கணக்கில் பிழையில்லை. ஆனால் அவர் அங்கே வந்து நிற்கவில்லை. நாற்காலி போட்டதும் தப்புக்காரர்கள் தம்மையறியாமல் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ரதி ஒரு சுற்று அதிகமாக அங்கே ஆடினார். நாற்காலிக்குப் பின்னால் நின்ற பிள்ளைகளுக்கு மறைத்தது. விருந்தாளியின் இருப்பு கூத்தின் திசையை மாற்றிவிடுகிறது. அதற்கான விலையை யாரோ கொடுக்கிறார்கள்.

இன்னொருவர், காசு கொடுத்துவிடு என்றார். இதுதான் நாகரிகமான பதிலாகத் தோன்றும். ஆனால் அது நடக்கும்போது பார்த்திருக்கிறேன். கொழும்பிலிருந்து கமராவோடு வந்த ஒரு கனவான் ஐயாயிரம் ரூபாத் தாளைத் தட்டில் வைத்தார். உடனே கூத்து நின்றது. அவருடைய பெயரும் ஊரும் ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்லப்பட்டன. ஒரு பொன்னாடை தேடப்பட்டது. அதன்பிறகு அங்கே ஆடியவர்கள் அவருக்காக ஆடினார்கள். அரை மணியில் அவர் போய்விட்டார், காமன் எரியவேயில்லை. கொடுத்ததில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. எனினும் அந்தத் தாள் விழுந்த கணத்தில் விருந்து வைத்தவர் விற்பனையாளராகிவிட்டார் என்பதை மறுக்க முடியாது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்சல் மோஸ் 1925 இல் கொடை பற்றி எழுதியபோது, கொடுப்பது, பெறுவது, திருப்பித் தருவது ஆகிய மூன்றும் கடமை என்றார். எனக்குப் படுவது, திருப்பித் தருவதிலுள்ள அவசரமும் ஒரு வகை மறுப்பு என்பது. உன்னிடம் கடன்பட்டிருக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்வதைத்தான் அந்த அவசரம் செய்கிறது.

மூன்றாமவர் என் நெடுநாள் நண்பரான மௌலவி. போகாதே என்றார். அதற்கு அவர் இரண்டு காரணம் சொன்னார். முதலாவது அகீதா சார்ந்தது. அதற்கு நான், வணங்கப் போகவில்லை, விபூதித் தட்டுக்கே அது தெரிந்திருந்தது என்றேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது காரணம்தான் தைத்தது. விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் கிடைப்பது சதகா, வீட்டுக்காரரை நெருக்கடிக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்குவது ஆகாது என்ற கருத்தில் வரும் நபிமொழியை நினைவூட்டினார். "நாள்கூலிக்காரர்ட தேத்தண்ணிய மாசத்துல எத்தின தரம் குடிப்பியள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது இப்னு பதூதா கைகொடுத்தார். 1344 இல் நம் தீவுக்கு வந்து பாவாதமலை ஏறிய அதே பயணிதான். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அனத்தோலியாவில் திரிந்தபோது நடந்ததைச் சொல்கிறார். அந்தாலியா நகரில் கந்தல் உடுப்போடு ஒருவர் வந்து இவரை விருந்துக்கு அழைக்கிறார். ஏழை மனிதர், பாரம் கொடுக்கக் கூடாதே என்று இவர் தயங்க, மொழிபெயர்ப்பாளர் சிரிக்கிறார். வந்தவர் அகீ என்னும் சகோதரத்துவ அமைப்பின் தலைவர்களில் ஒருவர், செருப்புத் தைப்பவர், அவரைப் பின்பற்றும் தொழிலாளர்கள் இருநூறு பேரளவில் இருக்கிறார்கள். பகலில் உழைத்ததைப் பிற்பகலில் ஒன்றுசேர்த்து, விளக்கேற்றி, வழிப்போக்கருக்கு உணவிட்டு, பாடி ஆடி, காலையில் தொழிலுக்குப் போவது அவர்கள் வழக்கம். இன்னோர் ஊரில் இரண்டு அகீக் கூட்டத்தார், பயணி யாருடைய விருந்தாளி என்று கத்தியை உருவுமளவுக்குச் சண்டையிட்டு, கடைசியில் சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள்.

பகலின் உழைப்பை இரவில் செலவிடும் அந்தத் தொழிலாளிகளை வாசித்தபோது டன்சினன் பக்கத்து லயங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. ஏழைக்கு விருந்து வைக்க வசதி இல்லை என்று விருந்தாளி தீர்மானிப்பது இரக்கம் போலத் தெரிகிற அகந்தை. மொழிபெயர்ப்பாளர் சிரித்தது அதற்குத்தான். ஆகவே மௌலவியின் கேள்விக்கு, குடிக்கத்தான் வேண்டும் என்பதே என் பதில்.

ஆனால் இப்னு பதூதாவுக்குக் கிடைத்த வசதி எனக்கில்லை. அவர் மறுநாள் போய்விடுவார். அவர் முசாபிர். ஸகாத்தில் பங்குள்ள எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். அவருக்குத் தொழுகையில்கூடச் சலுகை உண்டு, கஸ்ரும் ஜம்உம். நானோ ஓர் ஊரில் தங்குவதற்கு நிய்யத் வைத்தவன். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், போன நாளும் வரும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணம் வந்துவிட்டால் அவன் முகீம். நான்கு ரக்அத்தையும் முழுதாகத் தொழ வேண்டும். இந்தச் சட்டத்துக்குள் தொழுகையைத் தாண்டிய ஓர் ஒழுக்கம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வழிப்போக்கனாகப் பெற்றுக்கொண்ட சலுகையை, ஊர்வாசியான பின்னும் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைய நகர இரவுகளின் கவர்ச்சி இதற்கு நேர்மாறானது. நாம் குடியிருக்கும் ஊரிலேயே ஒவ்வோர் இரவும் முசாபிராக இருக்க அது நம்மை அனுமதிக்கிறது. பார்த்தோம், ரசித்தோம், போனோம். ஆடியவரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை.

வெசாக் இரவின் தன்சலை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அங்கே வரிசையில் நிற்பவர் யார் என்று கொடுப்பவர் கேட்பதில்லை. கேட்காமல் கொடுப்பதில்தான் அவருக்குப் புண்ணியம். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வரும் எந்தச் சமூகத்துப் பிள்ளையிடமும் நாம் விலாசம் கேட்பதில்லை. மவ்லூது மஜ்லிஸில் நார்சா வாங்கியவர் யாருக்கும் கடனாளி இல்லை. முகமற்ற கொடைக்கு முகமற்ற பெறுதல் போதும். கூத்து அப்படியானதல்ல. அங்கே என் முகத்தைப் பார்த்துத்தான் நாற்காலி வந்தது.

அந்த நாற்காலிக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தோட்டத் திருவிழாவுக்குத் துரையை அழைப்பார்கள். மாலை போட்டு, நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். துரை ஏதோ நன்கொடை கொடுப்பார், சிறிது நேரம் பார்ப்பார், பங்களாவுக்குப் போவார். விடிந்தால் பிரட்டுக்களத்தில் அதே ஆட்கள் அவருக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். தாமதமாக வந்தவனுக்கு அரைப்பேர். இருபது முப்பது வருடம் ஒரே மலையில் வாழ்ந்தும் கடைசிவரை முசாபிராகவே இருந்துவிட்டுக் கப்பலேறியவர்கள் அவர்கள். இரவில் கிடைத்த நாற்காலிக்கும் காலையில் கையிலிருக்கும் செக்ரோலுக்கும் சம்பந்தம் எதுவுமில்லை என்று அவர்கள் நம்பினார்கள்.

என் கையிலும் ஒரு செக்ரோல் இருக்கிறது. அதற்கு வரவு இடாப்பு என்று பெயர்.

காமன் எரிந்த மறுநாள் காலை என் வகுப்பில் பதினொரு பேர் இல்லை. அவர்களில் ஒருவன் இரவு முழுதும் தீப்பந்தம் பிடித்து நடந்தவன்; அவன் பிடித்த வெளிச்சத்தில்தான் நான் கூத்துப் பார்த்தேன். இடாப்பில் அவனுக்கு வரவில்லை என்றுதான் குறித்தேன். இடாப்பு ஓர் அமானிதம். வராதவனை வந்தான் என்று எழுத எந்த விருந்தும் அனுமதி தராது. பிரச்சினை அதற்கு அடுத்த படியில் இருந்தது. கூத்துக்காக வராத பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது பாடசாலையில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடு. அதன் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பிள்ளையின் படிப்பு ஒரு நாள் தவறினாலும் அதன் விலை பெரிது என்று பயந்த ஆசிரியர்கள் போட்ட விதி அது. ஆனால் வார நாளில் பாடசாலைக்கு வரும் தகப்பனுக்கு அன்றைக்குப் பேர் இல்லை. கூத்து இரவுக்கு ஒரு பேர், மகனின் தூக்கத்துக்கு இன்னொரு பேர்.

தீப்பந்தம் பிடித்தவனின் தகப்பன் வந்தார். முகத்தை உடனே அடையாளம் காண முடியவில்லை. மழித்த மேலுதடு, காதோரத்தில் இன்னும் போகாத மஞ்சள். ரதி. அலுவலக வாசலில் மற்றப் பெற்றோரோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அங்கே பெற்றோர் நின்றுதான் பேசுவார்கள். யாரும் வைத்த சட்டமல்ல, பழக்கம். நான் ஆசிரியர் அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். "பரவால்ல சேர், நிக்கிறேன்" என்றார். இரண்டாம் தரம் சொன்னேன். உட்காரவில்லை. ஆனால் நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டார். அப்படியே நின்றபடி மகனுக்குக் கணக்கு எப்படிப் போகிறது என்று கேட்டார். சுமார்தான், பின்னங்கள் விளங்கவில்லை என்றேன். "நமக்கு அரைப்பேர் வெளங்கிருச்சு, அவனுக்கு அரை வெளங்கலியா" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பின்னத்தை அரைப்பேர், கால்பேர் என்று சொல்லித்தான் அந்த வகுப்புக்குக் கற்பித்தேன், விளங்கியது.

அந்த மாத ஆசிரியர் கூட்டத்தில் நான் இரண்டு விடயம் கேட்டேன். பெற்றோரை வார நாளில் அழைக்காமல், தோட்டத்தில் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையில் நாமே லயத்துக்குப் போய்ப் பார்ப்பது ஒன்று. காமன் எரியும் இரவுக்கு மறுநாள் முதலிரண்டு பாடவேளைகளைப் பிற்பகலுக்குத் தள்ளுவது மற்றது. முதலாவதற்கு இணக்கம் கிடைத்தது. எல்லோரும் வருவதில்லை, மூன்று பேர் போகிறோம். கையில் ஒரு பக்கற் சீனியோ பிள்ளைக்குக் கொப்பியோ கொண்டுபோவதுண்டு. அங்கே மறுபடியும் சாயத்தண்ணி கிடைக்கிறது. கணக்கு ஒருபோதும் நேர்வதில்லை. மௌலவி நண்பரும் ஒரு ஞாயிறு கூட வந்தார். கூத்தைப் பற்றிய அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. லயத்துப் படிக்கட்டில் குந்தி தேநீர் குடித்துவிட்டு, கூரைத் தகரத்தில் இருந்த ஓட்டையைப் பற்றித் திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது கோரிக்கைக்கு, பௌர்ணமி எப்படியும் போயா விடுமுறைதானே, அதற்கு மேலும் சலுகையா என்று கேட்டார்கள். கூத்து போயா தினத்தன்று இரவில் நடக்கிறது. பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவது அதற்கு மறுநாள் என்று விளக்கினேன். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தார்கள். அடுத்த மாசிக்கு முன் மறுபடி பேசலாம் என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருக்கிறது.